ஓடு போடக் கூடாத வீடு

எங்கள் ஊரில் ஒருவருடைய வீட்டுக் கூரையைப் பார்த்தால் போதும், ஜாதகம் தேவையில்லை. ஓட்டு வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்பார். மொட்டை வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டில் இருப்பார். கொங்கிரீட் பிளேட் போட்டு மேலே தட்டையாக விட்ட வீட்டைத்தான் மொட்டை வீடு என்போம். தட்டையான இடத்தில் மணல் மூட்டை அடுக்கலாம், துவக்கோடு நிற்கலாம், வாவியின் அக்கரை வரைக்கும் கண்ணை ஓட்டலாம். ஓட்டுக் கூரையில் காகம்கூட ஒழுங்காக உட்காராது. சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் எந்தெந்த வீடுகள் சென்றியாகின, அதாவது படையினரின் காவலரணாகின என்று ஒரு படம் கீறினால், அது அப்படியே ஊரின் நாகரிகமான வீடுகளின் படமாக இருக்கும். காசும் ரசனையும் இருந்தவர்கள்தானே பிளேட் போட்டார்கள்.

ஆகவே சமாதானம் வந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதும், வீடு திரும்பக் கிடைத்தவர்கள் செய்த முதல் வேலை பிளேட்டுக்கு மேலே மரச்சட்டம் அடித்து ஓடு போட்டதுதான். நேர்த்தியான தட்டை வீடுகளின் தலையில் முக்கோணமாக ஓர் ஓட்டுக் கூரை. உள்ளே வெறும் காற்றும் வௌவாலும். அதற்கு ஊரில் தொப்பி போடுதல் என்று பேர். சந்தையில் ஒருவரை ஒருவர் கண்டால் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "என்ன, தொப்பி போட்டாச்சா?" என்றுதான் கேட்டார்கள். இன்னொரு முறை சண்டை வந்தால் தங்கள் வீட்டைத் தாண்டிப் போகட்டும், பக்கத்து வீட்டுக்குப் போகட்டும் என்பதுதான் தொப்பியின் தத்துவம். யாரும் அதை வெளியே சொல்லவில்லை. எல்லாரும் போட்டார்கள்.

நான் அப்போது தெற்கே கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் என்று வகுப்புகளை நிறுத்திவிட, ஊருக்கு வந்திருந்தேன். சைக்கிளில் போகும்போது தொப்பி போட்ட வீடுகளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இறங்கி நின்று, அந்த வீட்டுக்காரர்களிடமே போய், இது எவ்வளவு நல்ல வீடு, இதை ஏன் இப்படிக் கெடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒருவர் எனக்கு இளநீர் வெட்டித் தந்து, "படிச்சு முடி புள்ள, மறுகா கதைப்பம்" என்று அனுப்பிவைத்தார்.

தொப்பி போடாமல் மிச்சமிருந்த வீடுகளில் பெரியது, அழகானது, எங்கள் வளவுக்குள்ளேயே நின்றது. என் பெரியம்மாவின் வீடு.

அதைக் கட்டியவர் அம்மப்பா. குளக்கட்டு வேலைகளில் காலமெல்லாம் கழித்த எஞ்சினியர். ஐம்பதுகளின் கடைசியில் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வாவிக் கரையில் அதைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணோடு வரும். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. மூக்கு முழி எப்படி இருந்தாலும் வராது. அம்மப்பா மூத்த மகளுக்குக் கொடுத்ததோ, ஊர் அதுவரை காணாத ஒரு வீடு. மெல்லிய இரும்புக் குழாய்த் தூண்களில் நிற்கும் ஒரே தட்டைப் பிளேட், வாவிப் பக்கமாகத் தூணே இல்லாமல் நீண்டு வெளியே தொங்கும் அதன் விளிம்பு, மேற்கு வெயிலை வடிகட்டும் துளைக்கல் சுவர், முன்பக்கம் முழுக்கப் பட்டை பட்டையாகத் திறந்து மூடும் லூவர் கண்ணாடி, மினுக்கிய டெராசோ தரை. பாலத்தில் நின்று பார்த்தால் வீடு தண்ணீருக்கு மேலே ஒரு கை அகலம் எழும்பி நிற்பது போல இருக்கும். அது அழகான வீடு. இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

என் அம்மா இளையவள். அவளுடைய முறை வந்தபோது அம்மப்பா ஓய்வு பெற்றிருந்தார். அதே வளவில், மூத்தவளின் வீட்டுக்குப் பின்பக்கம், ஒரு சின்ன ஓட்டு வீடு அம்மாவுக்குக் கிடைத்தது. வளவை இருவருக்கும் பிரித்து எழுதாமலே அம்மப்பா கண்ணை மூடினார். பெரியம்மாவின் லூவர் வழியாக வாவி தெரியும். எங்கள் யன்னல் வழியாகப் பெரியம்மாவின் குசினிப் புகைபோக்கி தெரியும். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அம்மாவிடம் பயப்பட வேண்டிய குணம்.

சண்டை முற்றியபோது பெரியம்மாவின் பிளேட்டில் மூட்டைகள் ஏறின. பெரியப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெரியம்மாவும் அவருடைய ஒரே மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த மகளை நான் அக்கா என்பேன். வருடக் கணக்காக அவர்கள் எங்களோடு இருந்தார்கள். பெரியம்மாவுக்கு விருந்தாளியாக இருக்கத் தெரியாது. அம்மாவின் சொதியில் உப்பைக் குறை சொன்னார், அம்மா உடுப்புக் காயப் போடும் கொடியை இடம் மாற்றினார், எங்கள் வீட்டைக் கோழிக்கூடு என்றார். "இந்தக் கோழிக்கூட்டுக்குள்ள காத்து எங்கால வரும்?" என்று விசிறியோடு உட்கார்ந்து கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டு எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிடுவாள்.

சமாதானத்தோடு வீடு திரும்பக் கிடைத்தது. படிக்கட்டின் மரக் கைப்பிடியை எரித்திருந்தார்கள். குளியலறையைப் பற்றி எழுத வேண்டாம். பெரியம்மாவும் அக்காவும் மாதக் கணக்காகத் தேய்த்துக் கழுவினார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை களுவாஞ்சிக்குடிப் பக்கம், கணக்கு வாத்தியார். அக்காவும் அவரும் ஓர் அலுவலக வேலையாகச் சந்தித்து, கொஞ்ச நாள் கதைத்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய்த்தான் பேச்சு வீட்டுக்கு வந்தது. அக்காவுக்கு முப்பது கடந்துவிட்டிருந்தது. அந்த வயதில் ஒரு வாத்தியார், அதுவும் விரும்பி வருகிறவர், இனி இன்னொருவர் வரமாட்டார் என்று ஊருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். தரையைப் பார்த்தார், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், பின்கதவைத் திறந்து மூடினார். பிறகு முற்றத்துக்கு வந்து நிமிர்ந்தார்.

"வீடு நல்ல வெளிச்சம், தங்கச்சி. தலையில மட்டும் ஒண்டும் இல்ல."

பெரியம்மா, "மாரியில கொஞ்சம் ஒழுகும், தார் பூசினாச் சரி" என்றார்.

"ஒழுகுறதுக்கு வாளி வைக்கலாம். சென்றிக்கு என்னத்த வைக்கிற?" என்றார் அவர். "என்ட மகன் பகல்ல புள்ளையளுக்கு கணக்குச் சொல்லிக் குடுத்துப்போட்டு வந்து, ஆமிக்காரன்ட சப்பாத்துக் காலுக்குக் கீழ படுக்கிறதா? மறுகா ஒருநாள் பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்கட தங்கச்சிட வீட்டுக்குப் போறதா?"

அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"தொப்பி போட்டுத் தாங்க. அடுத்த நல்ல முகூர்த்தத்தில முடிப்பம். பொண்ணில எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

அவர் போனபிறகு அக்கா சொன்னாள்: "பாத்தியா, என்னில குறை இல்லையாம். எனக்கு மேலதான் குறையாம்." சொல்லிவிட்டு நன்றாகச் சிரித்தாள். அந்தக் கிழமையே ஓடும் மரமும் வந்து இறங்கின. காத்தான்குடியில் இருந்து வந்த தச்சர் பிளேட்டில் ஏறி அளந்துவிட்டுப் போனார். நான் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். இதற்குப் பதில் வேறு ஏதாவது செய்யலாமே என்று நாலைந்து யோசனை சொன்னேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "உன்ட கலியாணத்துக்கு நீ மொட்டையாவே வைச்சுக்க" என்றார்.

அப்போதுதான் வெள்ளை வாகனம் வந்தது. சமாதான காலத்தில் எங்கள் ஊருக்கு உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் கொக்கு மாதிரி வந்து இறங்கும். ஒன்று நண்டு வளர்க்கச் சொல்லித்தரும், ஒன்று மனசை ஆற்றும். இது கட்டடம் பார்க்க வந்தது. நகரத்தின் மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட ஊரில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதற்கு ஆலோசனை சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கோட்டை, தேவாலயம், பழைய பள்ளிக்கூடம் எல்லாம் பட்டியலில் ஏறியாகிவிட்டது. பாலத்தைக் கடக்கும்போது பேராசிரியரின் கண்ணில் பெரியம்மாவின் வீடு பட்டிருக்கிறது. வாகனத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

வளவு வாசல் கடப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு டெராசோவில் நடந்தார். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் உடனே என் அளவு நாடாவோடு ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

"மேடம், நீங்க எப்பேர்ப்பட்ட வீட்டுல இருக்கீங்கன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியும்," என்றார் பெரியம்மா. "ஒழுகுற வீட்டில."

பேராசிரியர் முற்றத்தில் அடுக்கியிருந்த ஓட்டைக் கண்டார். விசயம் என்ன என்று கேட்டறிந்தார். நெஞ்சில் கையை வைத்தார். "இந்தப் பிளேட்டுக்கு மேல ஓடா? மேடம், அது கொலை."

"இந்த ஊரில கொலை எது என்டு எங்களுக்குத் தெரியும், ஐயா," என்றார் பெரியம்மா. "இது கூரை."

நான் நாலு நாள் அவர்களோடு அளந்தேன், கீறினேன். பேராசிரியர் என் படங்களைத் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார். வீட்டை மரபுக் கட்டடமாக அறிவித்தால் அதன் கூரை, சுவர், தரை, கண்ணாடி ஒன்றையும் மாற்ற முடியாது. ஆனால் திருத்துவதற்கு வெளிநாட்டு உதவி கிடைக்கும் என்றார்கள். பெரியம்மா முடியாது என்றார். முடியாது என்றால் குழு கூடும், ஆட்சேபணை இருந்தால் அங்கே வந்து சொல்லலாம் என்றார்கள். வளவு பிரிபடாத வளவு என்பதால் மற்றப் பங்குக்காரியான என் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கூட்டம் ஊர் மண்டபத்தில், காலையில். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஊரில் எந்த விழாவிலும் முதல் மாலை அவருக்குத்தான். அம்மா தன் கலியாண நாளுக்கு மட்டும் உடுக்கும் நீலப் பட்டை உடுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் பெரியம்மா என் காதில், "உன்ட கொம்மா ஆர்ட கலியாணத்துக்கு வந்திரிக்கிறாள்?" என்று கேட்டார்.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் படங்களை விரித்து வைத்துப் பேசினேன். தொங்கும் விளிம்பு எப்படி நிற்கிறது, துளைக்கல் சுவர் காற்றை எப்படி இழுக்கிறது, ஒரு குளக்கட்டு எஞ்சினியர் மதகில் கற்றதை வீட்டில் எப்படிக் கொண்டுவந்தார் என்றெல்லாம். எல்லாரும் கை தட்டினார்கள். பெரியம்மாவும் தட்டினார். "என்ட தங்கச்சிட மகள்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "நல்லாக் கதைப்பாள்."

பிறகு பெரியம்மா எழும்பினார். அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"எனக்கு ஒரு மகள். ஒரு வீடு. வீட்டுக்கு ஓடு போட்டா மகளுக்கு மாப்பிள்ளை. போடாட்டி சென்றி. வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியா."

மண்டபம் கொஞ்சம் அசைந்தது. குழுவில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நாட்டில சமாதானம் வந்திட்டு. இப்பவும் சென்றி சென்றி என்டு நாமளே சொல்லிக்கிட்டு இரிந்தா, வந்த சமாதானமும் ஓடிப்போயிரும்."

"ஓம், அதுதான்," என்றார் தலைவர். "ஓடு போடுறது என்டா சமாதானத்தில நம்பிக்கை இல்ல என்டுதான் அர்த்தம். வெளியூர் ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"ஐயா," என்றார் பெரியம்மா, "உங்கட வீடும் பிளேட்தானே? போன தைக்கு நீங்க ஓடு போடல்லையா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் முகம் மாறவேயில்லை. "அது சும்மா பிளேட், அம்மா. உங்கடது கலை."

இப்போது மண்டபம் முழுக்கச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். பெரியம்மா நின்றபடியே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. உங்கட வீட்டில ஓடு, என்ட வீட்டில கலை," என்றார். "ஆராவது மாத்திக்கொள்றீங்களா?"

தலைவர் என் அம்மாவின் பக்கம் திரும்பினார். பங்குக்காரியின் கருத்து என்ன?

அம்மா எழும்பி முந்தானையைச் சரிசெய்தாள். அவளுக்குக் குரலே எழும்பாது. எல்லாரும் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அக்காவுக்கு எதிராக் கதைக்க எனக்கு மனம் இல்ல," என்றாள். "ஆனா அப்பா சாகக்குள்ள என்ட கையப் புடிச்சுச் சொன்னாரு. என்ன கஸ்டம் வந்தாலும் மூத்தவள்ட கூரையில ஆரையும் கை வைக்க விடாதே என்டு. அதுதான் அவர்ர கடைசி ஆசை. அத நான் மறைச்சா எனக்குப் பாவம்."

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தார்.

அம்மப்பா இறந்தபோது அம்மா என்னைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவருடைய உடலைக்கூட அவள் பார்க்கவில்லை. அதை என் பிறந்தநாள் தோறும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, அம்மப்பா மாரி காலத்தில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் பிளேட்டைத் தானே தூசணத்தில் ஏசிய கதையும் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

பெரியம்மா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தன் கூடப் பிறந்தவளைப் பொய்க்காரி என்று சொல்வது பெரிய குடும்பத்துக்கு அழகில்லை. அந்தப் பெருமை பெரியம்மாவுக்கு இருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் மண்டபத்தில் சொன்னாள், வீட்டில் சொல்லவில்லை.

வீடு ஏகமனதாக மரபுக் கட்டடம் ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் கூட்டத்துக்கு வந்திருந்த அக்காவையும் சேர்த்து நால்வரும் ஒரே ஓட்டோவில் வந்தோம். கடப்படியில் இறங்கியதும் பெரியம்மா கேட்டார்: "நான் உனக்கு என்னடி செஞ்சன்?"

அம்மா ஓட்டோக்காரருக்குக் காசு கொடுத்துக்கொண்டே, "கோழிக்கூட்டில இரிக்கிறவளுக்கு என்னத்தத் தெரியும் அக்கா," என்றாள். "நான் பாத்தத சொன்னன்."

பலகை திறக்கும் விழா நாதஸ்வரத்தோடு நடந்தது. கடப்படியில் மூன்று மொழியிலும் எழுதிய பித்தளைப் பலகை. பெரியம்மா குத்துவிளக்கு ஏற்ற வேண்டியிருந்தது, வந்தவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்கள். பெரியம்மாவின் படுக்கையறைக்குள்ளும் போனார்கள். "இப்பிடி ஒரு வீட்டில இரிக்கக் குடுத்து வைக்கணும்" என்று அவரவர் சொல்லிவிட்டு, அவரவர் ஓட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மாப்பிள்ளையின் தாய் விழாவுக்கு வரவில்லை. பிறகொரு நாள், பகலில், மரியாதையாக வந்தார். "வீட்ட மகள்ட பேருக்கு எழுதித் தருவீங்க, தங்கச்சி. ஆனா ஊர் வந்து போற இடத்தில எப்பிடி ஒரு ஆம்பிளையக் குடி வைக்கிற? ஒரு ஆணி அடிக்கவும் ஆரையோ கேக்கணுமாமே." வாத்தியார் கூட வந்திருந்தார். துளைக்கல் சுவருக்குப் பக்கத்தில் நின்று அக்காவோடு கொஞ்ச நேரம் கதைத்தார். அவர் போனதும் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வீடு வடிவா இரிக்காம்," என்றாள் அக்கா.

அந்த ஆவணியிலேயே அவருக்கு வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது. அன்றைக்கு அம்மா பெரியம்மாவின் முற்றத்துக்குப் போய், அடுக்கிக் கிடந்த ஓட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இனித் தேவைப்படாதே அக்கா, எங்கட குசினி ஒழுகுது" என்று கேட்டாள். பெரியம்மா எடுத்துக்கொள் என்றார். பேரம்கூடப் பேசவில்லை.

உதவிப் பணத்தில் வீட்டைத் திருத்தினார்கள். நான் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அந்த வேலையோடுதான் நின்றேன். பிளேட்டின் வெடிப்புகளை அடைத்து, உக்கின கம்பியை மாற்றி, மேலே நீர் புகாத பூச்சுப் பூசினார்கள். அம்மப்பா காலத்தில்கூட இல்லாத பலம். பார்வையாளர்கள் மேலே ஏறி வாவியைப் பார்ப்பதற்கென்று பின்பக்கப் படிக்கட்டை அகலமாக்கி இரும்புக் கைப்பிடி வைத்தார்கள். வந்த பார்வையாளர்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும்தான்.

பிறகு சமாதானம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. முதலில் வெள்ளை வாகனங்கள் குறைந்தன. பிறகு வீதியில் ஆட்கள் காணாமல் போனார்கள். பிறகு ஒரு காலையில் ஜீப்பொன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. தலைவரின் வீட்டைத் தாண்டி வந்தது. தொப்பி போட்ட வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, பித்தளைப் பலகைக்கு முன்னால் நின்றது.

அதிகாரி இளம் ஆள். பலகையை முழுக்க வாசித்தார். பின்படிக்கட்டால் மேலே ஏறி, காலால் பிளேட்டை ஓங்கி மிதித்துப் பார்த்தார். இறங்கி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. "லஸ்ஸன கெதர," என்றார், அழகான வீடென்று. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் பெரியம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்: "அம்மா பயம் வேணாம். இது கவன்மென்ட் பாதுகாக்கிற வீடுதானே. நாங்களும் பாதுகாக்க வந்தது."

மாலைக்குள் எடுக்க வேண்டியதை எடுக்கச் சொன்னார்கள். பெரியம்மா பெட்டி கட்டினார். நான் பாத்திரங்களைச் சுமந்து பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்தேன். அம்மா எங்கள் வாசலில் நின்று, எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்கால வை. அது அக்காட சாமான், அக்காவுக்கு இடம் பத்தாது என்டுவா."

அக்கா ஒன்றையும் சுமக்கவில்லை. பின்வளவில் இருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். முதல் லூவர் கண்ணாடி உடைந்த சத்தத்தில் படையினர் துவக்கைத் தூக்கினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சட்டமாக, மேலிருந்து கீழாக, ஒழுங்காக உடைத்துக்கொண்டு போனாள். அம்மப்பா கப்பலில் வரவழைத்த கண்ணாடி அது. அதே பச்சை நிறத்தில் இன்று எங்கேயும் கிடைக்காது. நான் ஓடிப்போய், "அக்கா, வேணாம் அக்கா, இனி எடுக்க ஏலாது அக்கா" என்று கையைப் பிடித்தேன். என்னை உதறிவிட்டாள். "நீ கீறி வைச்சிரிக்கிறாய்தானே," என்றாள். "போய் அதப் பாரு."

அதிகாரி தன் ஆட்களைப் பார்த்துக் கையமர்த்தினார். சுவரில் சாய்ந்து நின்று அவள் முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அலவாங்கைப் போட்டபோது, "நல்லது, தங்கச்சி," என்றார். கோபமே இல்லை. "கண்ணாடி இருந்தா வெடிச்சா ஆக்களுக்கு வெட்டும். நாங்க எப்பிடியும் கழட்டுறதுதான்." பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டு, கூட்டச் சொன்னார்.

கொஞ்ச நாளில் குழுத் தலைவர் வந்தார். முன்னால் படையினர் தடையாக வைத்திருந்த பீப்பாய்களைத் தாண்ட அவரை விடவில்லை. ஆகவே பின்ஒழுங்கையால் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெரியம்மா உள்ளறையில் படுத்திருந்தார். அந்த நாட்களில் அவர் அதிகம் எழும்புவதில்லை. விசிறியும் கேட்பதில்லை.

"மகள், லூவர் கண்ணாடி முழுக்க உடைஞ்சு போச்சாம் என்டு கேள்விப்பட்டன்," என்றார் தலைவர்.

"ஓம்."

"ஆமி உடைச்சதா?"

"இல்ல. நான்."

தலைவருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "மரபுக் கட்டடத்தில கை வைக்கிறது குற்றம், தெரியுமா?"

"தெரியும் ஐயா. அப்ப இனி அது மரபுக் கட்டடம் இல்லத்தானே? பட்டியல்ல இரிந்து எடுத்துவிடுங்க. காம்ப் எப்பவாவது எழும்பிப் போனா நாங்க ஓடு போட்டுக்கொள்றம்."

"எடுக்கலாம்," என்றார் அவர், யோசித்துவிட்டு. "ஆனா சும்மா எடுக்க ஏலா. குழு உள்ளுக்குப் போய் எவ்வளவு சேதம் என்டு பாக்கணும்."

"போய்ப் பாருங்க."

"விடுறாங்க இல்லையே, மகள்."

"அப்ப?"

"காம்ப் எழும்பினாப் பிறகு பாப்பம். அதுவரைக்கும் வீடு பட்டியல்ல இரிக்கும். ஒரு பயமும் இல்ல."

அக்கா துருவுவதை நிறுத்தினாள். "அப்ப ஐயா, அவங்களும் அதுக்கு ஓடு போட ஏலாதுதானே?"

தலைவர் அதையும் உண்மையாகவே யோசித்தார். "ஏலா," என்றார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல், துருவின தேங்காயெல்லாம் மடியில் கொட்டும்படி. அடுப்படியில் நின்ற என் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். உள்ளறையிலிருந்து பெரியம்மா, "என்னடி, என்ன சிரிப்பு?" என்று கேட்டார். தலைவர் ஏன் என்று விளங்காமல் தானும் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார்.

அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர் கடைசித் துளி வரைக்கும் குடித்துவிட்டு, சீனி கொஞ்சம் கூடிட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.